எட்டு மாடியும் ஃபுல்

புதுவாயல் கூட்டு ரோட்டில், பாகம் பிரித்த நிலத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே எட்டு மாடி ஆபீஸ் கட்டடங்களை எழுப்பியிருந்தார்கள். இரண்டிலும் ஒரு கம்பெனிகூடக் குடிவரவில்லை.

சாயங்காலம் ஒரு பெரிய கம்பெனி மேனேஜர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அண்ணன் வசந்தகுமார், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர்களையெல்லாம் கூலி பேசி அழைத்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, மாடி மாடியாக உட்கார வைத்தார்.

"காலி பில்டிங்னா எவன்டா வருவான்? நீயும் நாலு பேர உக்கார வையி."

"பொய் சொல்லிகினு இன்னாத்துக்குண்ணா பேஜாரு?" என்றான் தம்பி அன்புசெல்வன்.

"அப்ப வவ்வாலுக்கு வாடகைக்கு வுடு!"

மேனேஜர் நர்மதா வந்தாள். எல்லா மாடியிலும் விளக்கு, எங்கும் தலைகள்.

"அருமையா இருக்கு சார். எல்லாமே ஃபுல்லா?"

"ஃபுல்லு மேடம். உங்களுக்காக ஒரு மாடிய காலி பண்ணித் தரேன்."

"அடடா! எங்களுக்கு மொத்தக் கட்டடமும் வேணுமே. காலியா இருக்கும்னு நெனச்சுதான் வந்தோம்." நர்மதா ஜன்னல் வழியே பார்த்தாள். "எதிர்ல இருட்டா கெடக்குதே, அது யாரோடது?"

அடையாள அட்டை மாட்டியிருந்த தமிழ்செல்வி பொறுப்பாக எழுந்து நின்றாள்.

"எங்க சாரோட தம்பியோடதுதான் மேடம். வாங்க, நானே இட்டுகினு போறேன்."