இருபத்து மூன்றாவது கட்டம்

“இந்த விமானம் இப்போதைக்குக் கிளம்பாது” என்றார் வெர்ஹாகெ.

சார்ஜண்ட் ராலிட்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்கேரிய விமானப்படையின் சரக்கு விமானம் அது. பழுது பார்ப்பது அவள் பொறுப்பு. காலையிலிருந்து மூக்கு முதல் வால் வரை இரண்டு முறை தடவிப் பார்த்திருந்தாள். ஒரு குறை கிடையாது.

“ஏன் சார்? எதுல பழுது?”

“விமானத்துல இல்லை. காகிதத்துல.”

வெர்ஹாகெ அந்த பெல்ஜிய விமானத்தளத்தின் பரிசோதகர். அடுத்த வருடம் ஓய்வு. ஐந்து நிமிடம் முன்புவரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். விமானி கேப்டன் கலோயனிடம் கையெழுத்து வாங்கினார். “ராத்திரி நல்ல தூக்கமா, கேப்டன்?” என்று விசாரித்தார். “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்” என்றான் கலோயன். ராலிட்சா வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மனுஷருக்கு என்ன வந்ததோ, ‘பறக்கத் தகுதியுள்ளது’ என்று பல்கேரியத் தலைநகர் சோபியாவில் கொடுத்த சான்றிதழை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டங்களை எண்ண ஆரம்பித்தார்.

“எங்க படிவத்துல இருபத்து மூணு கட்டம். உங்க படிவத்துல இருபத்திரண்டுதான் இருக்கு.”

பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பதினான்கு வீரர்களும் முனகினார்கள். மூன்று வாரப் பயிற்சி முடிந்து ஊருக்குக் கிளம்பியவர்கள். விடிந்தால் ஈஸ்டர். வீட்டில் பண்டிகைக்குச் சாயம் தோய்த்த சிவப்பு முட்டைகள் தயாராக இருக்கும்.

“ஐரோப்பாவே ஒண்ணாயிடுச்சுன்னாங்க. கட்டம் மட்டும் இன்னும் ஒண்ணாகலை போல!” என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். கலோயன் சிரிக்கவில்லை. இரண்டு நாளுக்கு முன் அவன் மனைவிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. போனில் போட்டோதான் பார்த்திருக்கிறான்.

“என்ன சார், விளையாடறீங்களா?” என்று சீறினான். “ஒரு நாட்டுச் சான்றிதழ் எல்லா நாட்டுலயும் செல்லும், எல்லாருக்கும் ஒரே விதின்னு வருஷக்கணக்கா கூட்டம் போட்டீங்களே, அது எதுக்கு?”

“நானும் அந்தக் கூட்டங்களுக்குப் போனவன்தான்.”

“போய் என்ன கிழிச்சீங்க?”

“காபி நல்லாயிருந்துது” என்றார் வெர்ஹாகெ, முகம் மாறாமல். “சோபியாவுக்கு எழுதிக் கேக்கணும். பண்டிகை நாள். பதில் வர மத்தியானம் மூணு மணியாகும். பக்கத்து அறையில கட்டில் இருக்கு, கேப்டன். திரையை இழுத்து விட்டா வெளிச்சம் வராது.”

கலோயன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பத்து நிமிடம் கழித்து ராலிட்சா எட்டிப் பார்த்தபோது, ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே உறங்கிப் போயிருந்தான்.

அவளுக்கு ஆறவில்லை. தானே சோபியாவுக்குப் போன் போட்டாள்.

“இருபத்திரண்டு கட்டமா?” என்றார் அங்கே பணியிலிருந்த அதிகாரி. “அதை எல்லா நாடும் ஒத்துக்கிட்டு ரெண்டு வருஷம் ஆச்சேம்மா! பெல்ஜியத்துலேருந்தா? யாரும் எங்களை எதுவும் கேக்கலையே!”

ராலிட்சா விறுவிறுவென்று வெர்ஹாகெயின் அறைக்குள் போனாள். அவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க சோபியாவுக்கு எழுதவே இல்லை.”

“இல்லை.”

“எங்க படிவம் செல்லும்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். அந்த விதியை எழுதினதே நாங்க நாலு பேர்தான்.”

“அப்புறம் எதுக்கு சார் இந்த அழும்பு? பெத்த குழந்தையை இன்னும் கண்ணால பார்க்கலை அந்த மனுஷன்!”

வெர்ஹாகெ எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசுங்க. முழிச்சுக்கப் போறார்.”

ராலிட்சா நின்றாள்.

“தேதி போடச் சொன்னேன். போன வாரத் தேதியைப் போட்டார். அடிச்சுட்டு, மறுபடியும் அதையே போட்டார். அப்புறம் பேனா மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்துது.”

ராலிட்சா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“‘விமானி பறக்கும் நிலையில் இல்லை’ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனா இப்பல்லாம் ஒரு நாட்டுல எழுதினா எல்லா நாட்டுக் கோப்புலயும் ஏறிடுது. அதுவும் நாங்க பண்ணி வெச்ச ஏற்பாடுதான். உத்தியோகம் உள்ள வரைக்கும் அந்த வரி அவர் பின்னாலயே வரும். கட்டம் குறையுதுன்னா அது யார் பேர்லயும் ஏறாது. ‘கிழட்டுப் பரிசோதகன்’னு என்னைத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்.”

வெளியே எவனோ அவரைப் போலவே கட்டம் எண்ணிக் காட்டினான். வெடிச் சிரிப்பு கேட்டது.

“மூணு மணிக்கு எழுப்புங்க” என்றார். “பதில் வந்துடுச்சுன்னு சொல்லிடறேன். மூணரைக்குக் கிளம்பினா நடுராத்திரிப் பிரார்த்தனைக்கு முன்னாடியே போயிடலாம். அவர் குழந்தையையும் பார்த்துடலாம்.”

ராலிட்சாவின் கண்கள் கலங்கின.

“உங்களைப் போய்த் தப்பா நெனச்சுட்டேன் சார். அவர் தூங்கலைங்கிறதை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டீங்களே!”

வெர்ஹாகெ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சீக்கிரம் என்ன, எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு” என்றார் மெதுவாக. “நீங்க ரெண்டு நாளா அவர்கூடவே இருக்கீங்க, சார்ஜண்ட்.”