தூக்க வேண்டிய எடை

மனைவி தன்னைக் கொல்லப் போகிறாள் என்பது காப்பீட்டு ஏஜென்ட்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவந்தது.

வாஷிங் மெஷின் மேல் அவளுடைய ஜிம் நோட்டு திறந்து கிடந்தது. அவள் ஜிம்மில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. முதல் பக்கத்தில் இப்படி அச்சடித்திருந்தது: 'வலிமை வேண்டுமா? அதிக எடை, ஒன்று முதல் ஐந்து முறை. சதை வேண்டுமா? நடுத்தர எடை, எட்டு முதல் பன்னிரண்டு முறை.' வலிமைக்கு நேராக ஒரு டிக். கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'இலக்கு 84 கிலோ. ஒரே ஒரு முறை.'

பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அவர் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றார். எண்பத்து நான்கு.

அழகுக்காகச் சேர்ந்திருந்தால் பன்னிரண்டு முறை தூக்கியிருப்பாள். எண்பத்து நான்கு கிலோவை ஒரே ஒரு முறை தூக்கிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ள ஒரு குடும்பப் பெண்ணுக்கு என்ன அவசியம்? அந்த எடையில் வீட்டில் வேறு எதுவும் இல்லை. வீடோ ஆறாவது மாடி. பால்கனிக் கம்பி இடுப்புயரம்கூட இல்லை.

அன்று மாலை கழுத்தில் ஈரத் துண்டோடு வந்தவளிடம் கேட்டே விட்டார்.

"ஏம்மா, இந்த வயசுல எதுக்கு இந்த வெயிட் தூக்குறதெல்லாம்?"

"ஒரு தடவை தூக்கிட்டா போதுங்க. அப்புறம் விட்டுடுவேன். பால்கனியில காத்து பிச்சுக்கிட்டு போகுது, வந்து நில்லுங்களேன்."

"சளி பிடிச்சிருக்கு," என்று அவர் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

கொல்வதற்குக் காரணமும் இருந்தது. ஒரு வருடக் கடைசியில் டார்கெட் முடிக்க ஆள் கிடைக்காமல் தன் தலையிலேயே பெரிய பாலிசி ஒன்றைக் கட்டிக்கொண்டவர் அவர். நாமினி அவள்தான். நாமினியே கொலை செய்தால் சல்லிக்காசு கிடைக்காது, மாரடைப்பு, பாம்புக்கடி, இடி விழுவது எதுவானாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் நூறு தடவை பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன எதையும் அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

போலீசுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? என் மனைவி ஜிம்முக்குப் போகிறாள் என்றா? நகத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தவருக்குச் சட்டென்று வழி பிறந்தது. அவளுடைய இலக்கு 84 கிலோ. அவர் 84 கிலோவாகவே இருந்தால்தானே?

அன்றே சாப்பிட ஆரம்பித்தார். ரொட்டி, வெண்ணெய், முட்டை, மறுபடியும் வெண்ணெய். மனைவி ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டுமாங்க?" என்று தட்டில் தள்ளினாள். அவர் எடை ஏற ஏறத் தனக்குத்தான் கஷ்டம் என்பதுகூடப் புரியாத அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

ஒரு மாதத்தில் தொண்ணூற்று இரண்டு. நோட்டில் 84 அடிக்கப்பட்டு 92 ஆகியிருந்தது. அவர் நூறைத் தொட்டார். அடுத்த வாரமே நோட்டும் தொட்டது. அவள் கை பருத்திருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்த்தார். துளியும் இல்லை. அதுதான் அவருக்குக் கிலியைக் கிளப்பியது. இணையத்தில் தேடிப் படித்திருந்தார்: ஐந்து முறைக்குள் தூக்குபவர்களுக்குப் பலம் ஏறும், சதை அவ்வளவாக ஏறாது. ராட்சசி, கணக்காகத்தான் போகிறாள்.

பழைய சட்டைகள் போய்ப் போர்வை அளவில் சட்டைகள் வந்தன. வீட்டு லிஃப்டில் அவர் ஏறினால் மற்றவர்கள் அடுத்த தடவைக்குக் காத்திருந்தார்கள். டாக்டர் இருதயத்தைப் பற்றி ஏதோ எச்சரித்தார். டாக்டருக்கென்ன, அவர் அந்த நோட்டைப் படித்தாரா?

நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை காலை மெஷின் நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. நோட்டில் எழுதியிருந்தது: '112 கிலோ. நாளை ஞாயிறு. தயார்.'

ஒரே நாளில் இன்னும் எத்தனை கிலோ ஏற்றினால் தப்பிக்கலாம் என்பதை இனி அவளுடைய பயிற்சியாளரிடம்தான் கேட்க வேண்டும். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, நோட்டை எடுத்துக்கொண்டு அதில் இருந்த முகவரிக்கு ஆட்டோவில் பறந்தார்.

ஜிம் ஐந்தாவது மாடியில் இருந்தது. 'உடம்பை வளைக்க வருபவர்களுக்கு லிஃப்ட் எதற்கு?' என்று படிக்கட்டின் கீழே ஒரு பலகை. உயிர்ப் பிரச்சினை ஆயிற்றே, ஏறினார். மூன்றாவது மாடியில் சட்டை தொப்பலாக நனைந்தது. நான்காவதில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மேலே போய்ச் சேர்ந்து ஒரு பெஞ்சில் விழுந்தபோது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"என் ஒய்ஃப்... நாளைக்கு... எவ்வளவு தூக்குவா?" என்று போனில் இருந்த அவள் படத்தை நீட்டினார்.

பயிற்சியாளர் படத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நோட்டு எங்களோடதுதான் சார். ஆனா இவங்க இங்க சேரவே இல்லையே."

"நாலு மாசமா வர்றாளே!"

"இல்ல சார். ஒரே ஒரு நாள் வந்தாங்க. வெளியில தெரியாம பலம் ஏறணும்னா எத்தனை தடவை தூக்கணும்னு கேட்டாங்க. அஞ்சுக்குள்ளன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ஒரு நோட்டு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. சார், ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

ஏஜென்ட்டின் இடது கை மரத்துப்போயிருந்தது. "வேற... வேற என்ன செஞ்சா?"

"வேற ஒண்ணும் இல்ல சார். இறங்கும்போது மட்டும் படியை ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே போனாங்க."