படகின் இடுப்பளவு

"ரெண்டு மில்லி அதிகம் சார்," என்றார் டெய்லர்.

மருந்துக் கடைக்காரருக்குச் சட்டென்று புரியவில்லை. "எது?"

"படகோட அகலம். முப்பது சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு விதி. உங்களோடது முப்பதும் ரெண்டு மில்லியும்."

ஏரிக்கரையில் மாதிரிப் படகுப் பந்தயம் தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. ரிமோட்டில் ஓடும் குட்டிப் படகுகள். வேகம் பிடித்தால் இரண்டு பக்க மிதவைகளின் நுனியும் பின்னால் சுழலும் விசிறியும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும், மற்றதெல்லாம் காற்றில். அகலம் கூடினால் திருப்பத்தில் கவிழாமல் தப்பிக்கலாம். அதனால்தான் அகலத்துக்கு ஒரு விதி.

அளந்து பார்க்கிற பொறுப்பு டெய்லருக்கு. படகுச் சங்கத்தில் டேப்பும் பொறுமையும் சேர்ந்தாற்போல் இருந்தது அவர் ஒருவரிடம்தான்.

"எட்டு மாசம் இழைச்ச படகு, டெய்லர். கோப்பை வைக்கறதுக்காக இருமல் மருந்தையெல்லாம் கீழ் தட்டுக்கு இறக்கிட்டு வந்திருக்கேன்."

"பெயின்ட் ஒரு கோட் கூட ஏறியிருக்கும் சார்."

"ரெண்டு மில்லி ஒரு அளவாய்யா? மாத்திரையைப் பாதியா உடைச்சாலே அவ்வளவு முன்னப் பின்ன வரும்."

"விதின்னு ஒண்ணு இருக்கே சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

டெய்லர் அடுத்த படகை எடுத்தார். டேப்பை வைத்தார். "முப்பது. சரி."

அது அவருடைய மச்சானின் படகு.

மருந்துக் கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஓஹோ. சம்சாரத்தோட தம்பி படகு மட்டும் அச்சுல வார்த்த மாதிரி முப்பதா?"

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"நான் தப்பா அளக்கறவன் இல்ல சார்," என்றார் டெய்லர்.

"நீங்க இல்ல, உங்க டேப். ஏரி ஈரத்துல சுருங்கிப் போயிருக்கு. சுருங்கின டேப் எதையும் கூடத்தான் காட்டும். நிரூபிக்கட்டுமா? என் இடுப்பு எவ்வளவு?"

டெய்லர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"சொல்லுங்க. இருபது வருஷமா நீங்கதானே அளக்கறீங்க?"

"முப்பத்தி நாலு," என்றார் டெய்லர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கல்யாணத்துக்குத் தைச்ச பேன்ட் முப்பத்தி நாலு இன்ச். போன மாசம் தைச்சதும் முப்பத்தி நாலு. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எடையைக் குறைங்கன்னு சொல்றேனே, சும்மாவா சொல்றேன்?" கைகளை அகல விரித்து நின்றார். "இப்ப இதே டேப்பால அளங்க. முப்பத்தி நாலு காட்டினா டேப் சரி, நான் படகைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போறேன். கூடக் காட்டினா டேப் சுருங்கினது நிஜம், என் படகு ஓடும். சம்மதமா?"

"வேண்டாம் சார்."

"பயமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டெய்லர் பெருமூச்சு விட்டு அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். மருந்துக் கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எட்டிப் பார்க்க வந்த மச்சானின் கண்ணுக்கு எட்டும் முன்பே டெய்லரின் உள்ளங்கை எண்ணை மூடிவிட்டது.

"எவ்வளவு மாமா?" என்றான் மச்சான்.

டெய்லர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

"டேப் சுருங்கித்தான் போச்சு. சார் படகு ஓடட்டும்."

"என்ன மாமா இது, வண்டியில ஸ்டீல் ஸ்கேல் இருக்கு. ஒரு நிமிஷம், எடுத்துட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். போய் உன் பேட்டரியைப் பாரு."

மருந்துக் கடைக்காரரின் படகு திருப்பங்களில் கொஞ்சம்கூட ஆடவில்லை. மச்சானின் படகு கடைசித் திருப்பத்தில் குட்டிக்கரணம் அடித்தது. கோப்பை மருந்துக் கடைக்கு வந்தது. ஒரு வாரம் இருமல் மருந்து கேட்டு வந்தவர்கள் எல்லோரும் டேப் சுருங்கின கதையைக் கேட்டுவிட்டுத்தான் மருந்து வாங்கிப் போக முடிந்தது.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் பாராட்டு விழா. அதற்குப் புது பேன்ட் வேண்டும். துணியோடு கோப்பையையும் தூக்கிக்கொண்டு தையல் கடைக்குப் போனார். டெய்லருக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்று ஆசை.

டெய்லர் இல்லை. அவர் மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"நூல் வாங்கப் போயிருக்காரு சார். துணியைக் குடுங்க, நான் குறிச்சு வைக்கிறேன்."

"அளவு பழைய அளவேதாம்மா. நோட்டுல இருக்கும்."

அந்த அம்மாள் அட்டை கிழிந்த நீள நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நின்றார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடியும் படித்தார்.

"என்ன சார், உங்க பேருக்கு நேரா ரெண்டு அளவு எழுதியிருக்காரு. 'சொல்ல முப்பத்தி நாலு. வெட்ட முப்பத்தொன்பது.' இதுல எதுக்குத் தைக்கச் சொல்லட்டும்?"

மருந்துக் கடைக்காரர் கோப்பையைப் பார்த்தார். அதன் பளபளப்பில் அவர் உருவம் மிகவும் அகலமாகத் தெரிந்தது.

கோப்பையை மெதுவாகத் தையல் மேசைமேல் வைத்தார்.

"முப்பத்தொன்பதுக்கே சொல்லிடுங்கம்மா. இதை உங்க தம்பிகிட்ட குடுத்துடுங்க. என் படகு ரெண்டு மில்லி அதிகம்தான்."