மூத்தவளின் மூச்சு

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜம்மாய் சிரித்தாள். இந்தப் பக்கம் தலாத்துவுக்கு மூச்சு முட்டியது.

நைஜீரியாவின் கானோ நகரில் இந்த நோய்க்கு டாக்டர் தேவையில்லை. புருஷன் இளையவளைக் கட்டிக்கொண்டு வந்தால் மூத்தவளுக்கு நெஞ்சு அடைக்கும் என்று தெருவே சொல்லிவிடும். தலாத்துவும் அப்படித்தான் நம்பினாள். லாகோஸில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, ஒரு பகலும் ஒரு இரவும் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து வந்து இறங்கினாள். மறுநாளே வீட்டில் புருஷன் சனூசிக்கும் ஜம்மாய்க்கும் கல்யாணம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“இருபது வருஷம் தனியா ஆண்டவ. பங்குக்கு ஆள் வந்தா மூச்சு முட்டத்தான் செய்யும்,” என்றாள் நாத்தனார்.

தலாத்துவுக்கு அவமானமாக இருந்தது. புருஷனோடு தங்கும் தன் முறை வந்த நாட்களில், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, செருப்பை அரைகுறையாக மாட்டி இழுத்தபடி, சாப்பாட்டுத் தட்டோடு சனூசியின் அறைக்குப் போனாள். அவள் கடக்கும்போதெல்லாம் ஜம்மாயின் வாசல் திரை அசைந்தது. வேடிக்கை பார்க்கிறாள், பாதகத்தி என்று பொருமினாள்.

எட்டாம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சனூசி டாக்டரைத் தனியே கூப்பிட்டு வீட்டு விஷயத்தைக் கூச்சத்தோடு சொன்னான். டாக்டரும் அந்த ஊர்க்காரர்தானே. சிரித்துக்கொண்டே தூக்க மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

கூட வந்திருந்த ஜம்மாய்தான் குறுக்கே பேசினாள்.

“அக்காவோட இடது காலைப் பாருங்க டாக்டர். அஞ்சு நாளா செருப்பே சரியா நுழையல.”

டாக்டர் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். இடது கால் வலதைவிட மூன்று விரல் அளவு பருத்திருந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார்.

ஊசி மருந்து ஏறி மூச்சு சற்றுச் சீரானதும், தலாத்து ஜம்மாயைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி சபித்தேனே என்று அழுதாள்.

“கட்டினவனே கவனிக்கல. நீ எப்படிடி என் காலைக் கவனிச்ச?”

ஜம்மாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க அவர் அறைக்குப் போற ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்களைவிட எனக்குத்தான் அக்கா பொறாமை.”