வலியைத் தாண்டியவர்

காலை ஒன்பது நாற்பதுக்கு அவரை என் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பிக்குகளின் துவராடை. மழித்த தலை. வலது தாடை புடைத்து, தோல் பளபளத்தது.

உடன் வந்தவர்கள் இருவர். தியான மையத்தின் செயலாளர், கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியுடன். அவருக்குப் பின்னால் ஒரு சிஷ்யை. அவள் அலைபேசியில் வீடியோ ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருந்தது.

"குருவுக்கு மரத்துப்போற ஊசி வேணாம் டாக்டர்," என்றார் செயலாளர். "அவர் வலியத் தாண்டினவர். சும்மா பிடுங்குங்க. நாலு பேர் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்."

"என்ன தெரிஞ்சுக்கணும்?"

"அவர் யாருன்னு."

பெட்டி பல்லுக்காம். உள்ளே வெள்ளைப் பட்டு விரித்திருந்தது. புத்தரின் பல்லுக்குக் கோயில் இருக்கும்போது, விழிப்படைந்த இன்னொருவரின் பல் குப்பைக்குப் போகலாமா என்று கேட்டார்.

என் உதவியாளர் கருவிகளை அடுக்கியபடி பெட்டியை எட்டிப் பார்த்தாள். "எனக்குக் கல்யாணத்துக்கே இவ்வளவு நல்ல பட்டு எடுக்கல," என்றாள். அவள் வாய் சும்மா இருக்காது.

சீட்டில் அவர் பெயரைச் செயலாளர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதிக்கொண்டேன். வயது என்ற இடத்தில் அறுபத்தேழு என்று நானே போட்டேன்.

"எங்களுக்குப் பக்கத்துத் தெருவுலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. போன வாரம் இந்த வழியா வந்தப்ப உங்க போர்டைப் பார்த்தார். இங்கதான்னு ஒத்தக்கால்ல நின்னுட்டார்."

எனக்குக் காதுமடல்வரை சூடேறியிருந்தது.

விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தேன். கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்திய பல். அடியில் சீழ் கட்டியிருந்தது. ஆள் இரண்டு வாரமாவது தூங்கியிருக்க முடியாது.

கருவியின் பிடியால் பல்லைத் தட்டினேன். தேவைக்கு அதிகமாகவே தட்டினேன்.

இமை அசையவில்லை. சிஷ்யை கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்க மாமனாரும் இப்படித்தான், எதுக்கும் அசைய மாட்டார்," என்றாள் உதவியாளர். "நாங்கதான் விவரம் தெரியாம அவரக் கல்லுளிமங்கன்னு திட்டிட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை.

சீழ் கட்டிய பல்லை ஊசி போடாமல் பிடுங்குவது வைத்தியம் இல்லை, சித்திரவதை. பதினாறு வருடத் தொழிலில் நான் யாருக்கும் அதைச் செய்ததில்லை.

ஊசித் தட்டை ஓரமாகத் தள்ளினேன். இடுக்கியை எடுத்தேன்.

"டாக்டர்?" என்றாள் உதவியாளர், குரலைத் தாழ்த்தி.

அவர் கத்த வேண்டும். ஒரே ஒரு 'ஐயோ'. அது அந்த அலைபேசியில் பதிவாக வேண்டும். நாளைக்கு ஊரே அதைக் கேட்க வேண்டும். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. என் கை நடுங்காததுதான் எனக்கே பயமாக இருந்தது.

இடுக்கி பல்லைத் தொட்டது. அவர் கை உயர்ந்தது. நிறுத்தினேன்.

"ஊசி போட்டுடும்மா. உயிர் போகுது."

தண்ணீர் கேட்பவரின் குரல்.

"குருவே, ரெக்கார்ட் ஆகிட்டிருக்கு," என்றார் செயலாளர்.

"ஆகட்டும். பல்லுய்யா இது. வலிக்காம வேற என்ன பண்ணும்? புத்தருக்கே முதுகு பிடிச்சுக்கிட்டப்ப, மீதிய நீ பேசுன்னு சீடர்கிட்ட விட்டுட்டுப் படுத்திருக்கார்."

உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சிஷ்யையின் அலைபேசி மெல்லத் தாழ்ந்தது. செயலாளர் பெட்டியை மூடினார். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வெளியில இருக்கோம்," என்று கதவைப் பார்த்துச் சொன்னார். இருவரும் போனார்கள்.

நான் கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது. கோபம் தணியவில்லை. ஏறியது.

வேஷம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வேஷக்காரன் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பான். இவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயரும் இல்லை. தேடி வந்து காலில் விழுந்த இருவருக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

தெரிந்திருக்கவே வேண்டாம். பொய்யரை வெறுப்பது சுலபம்.

ஊசி போட்டேன். உதடு மரத்துப்போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பிடுங்கினேன். இரண்டு வேர்களும் கொக்கிபோல் வளைந்திருந்தன. கழிவு வாளியில் போட்டேன். 'டங்' என்றது.

பஞ்சைச் சுருட்டிக் குழியில் வைத்தேன்.

"கடிச்சுக்கோங்க. முக்கால் மணி நேரத்துக்கு வாயத் திறக்கக் கூடாது. பேசக் கூடாது."

எல்லோரிடமும் சொல்வதுதான்.

உதவியாளர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அறையில் விளக்கின் ரீங்காரம் மட்டும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையுறைகளை உரித்துப் போட்டேன். முகக்கவசத்தைக் கழற்றினேன்.

பதில் வராது என்று உறுதியான பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"பல்லுக்குச் சொல்லத் தெரியுது. அம்மாவையும் என்னையும் விட்டுட்டுப் படியிறங்கின அன்னைக்கும், வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லப்பா?"