உச்சி வெயில்

திண்டிவனத்தை ஒட்டிய காலனியில், கூரை இடிந்து ஆளில்லாமல் கிடந்த தொகுப்பு வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் குமரேசன். பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது அவன் வழக்கம். கூரை ஓட்டை வழியாகச் சாய்வாக இறங்கிய வெயில், சுவரின் பழைய நீலச் சுண்ணாம்பில் விழுந்திருந்தது.

"பிரமாதமான வெளிச்சம்!" என்று சொல்லிக்கொண்டே கேமராவை மூடினான்.

பக்கத்துக் குடிசையிலிருந்து வந்து வாசலில் நின்ற ரோஜா தயங்கித் தயங்கி, "உச்சி வெயில் வர்ற வரைக்கும் இருந்து இன்னொரு படம் எடுங்க சார்" என்றாள்.

"அப்ப எடுத்தா நல்லா வராதும்மா."

"பரவால்ல சார். அப்பதான் வெளிச்சம் நேரா தரையில விழும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "வெறும் தரையில என்னம்மா இருக்கு?"

"இது எங்க வீடுதான் சார். போன மழையில கூரை நேரா அங்கதான் விழுந்துது. என் பாப்பா அங்க தூங்கிக்கினு இருந்தா."

குமரேசன் அந்தத் தரையைத் திரும்பிப் பார்த்தான்.

"பொறந்து ஒரு மாசம் முடியாம கொழந்தைய போட்டோ எடுக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. அவ படம்னு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல சார். அந்த எடத்தையாவது எடுத்துக் குடுங்க."

அவன் கேமராவைத் திறந்தான். வெயில் சுவரைவிட்டு மெல்லக் கீழே இறங்கும்வரை இருவரும் வாசலிலேயே காத்து நின்றார்கள்.