பச்சைப் பொத்தானுக்கு மேலே ஒரு படம்

மிளகு காயும் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, இளமதி தன் செல்போனை, மிளகு கிளறிக்கொண்டிருக்கும் ருக்குமணியிடம் நீட்டுகிறாள். கொல்லிமலை நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிடும் இலவச ஜீப்புக்காக இளமதி நடத்தும் நன்கொடைப் பக்கம் அதில் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் முதல் படத்திலேயே வெகுநேரம் நிற்கிறார்கள். பிறகு ஒன்றும் கொடுக்காமல் போய்விடுகிறார்கள். இப்படியே போனால் அடுத்த மாதம் ஜீப்புக்கு டீசல் இல்லை. “புதுசாப் பாக்கற ஆளாட்டம் பாருங்கக்கா. எங்க நிக்கறீங்கன்னு நான் பாக்கறேன்.” ருக்குமணி மிளகுத்தூசு படிந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வெயில் படாமல் உள்ளங்கையால் திரையை மறைத்துப் பார்க்கிறாள். படத்தில், ஜீப்பின் பின்சீட்டில், தாயின் மடியில், காய்ச்சலில் துவண்டு கிடக்கிறாள் ஒரு சிறுமி. விரல் கீழே தள்ளுகிறது. பணம் கட்டும் பச்சைப் பொத்தான் வருகிறது. விரல் அதைத் தொடாமல் திரும்பவும் படத்துக்கே ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இளமதி அந்த விரலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“என்னக்கா தேடறீங்க?”

“இந்தப் பாப்பாவுக்கு இப்பத் தேவலையா கண்ணு? அத எங்கயும் காணமே.”

படம் எடுத்தவள் இளமதிதான். ஜீப் முதல் வளைவில் மறைந்த பிறகு அவளும் விசாரிக்கவில்லை. செல்போனை வாங்கி, ஜீப் ஓட்டும் பொன்னனை அழைக்கிறாள். மணி அடிக்கிறது. ருக்குமணி மிளகைத் தாண்டி வந்து, அவள் தோளோடு ஒட்டிக் காதை வைக்கிறாள்.